ஒற்றைப் பொருள் நோட்டு

வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பது என் தொழில். அண்மையில் ஒரு மாணவி தம் விண்ணப்பக் கட்டுரையைத் திருத்தக் கொடுத்தார். தம் ஆய்வறிக்கையைப் பேராசிரியர் மனமாரப் பாராட்டினார் என்று சொல்ல வந்தவர், அந்தப் பாராட்டுக்கு 'ஃபுல்சம்' என்று அடைமொழி கொடுத்திருந்தார். அவருடைய நோட்டைப் புரட்டினேன். அச்சொல்லுக்கு எதிரே 'நிறைவான' என்று மட்டும் எழுதியிருந்தது. அகராதியில் அப்பொருளும் உண்டுதான். ஆனால், பாராட்டு என்ற சொல்லோடு சேரும்போது அதில் அளவு மீறிய முகத்துதியின் வாடை ஏறிவிடுகிறது. பேராசிரியர் மாணவிக்கு ஐஸ் வைத்தார் என்றே தேர்வுக் குழுவினர் படித்திருக்கக்கூடும்.

இந்த ஒற்றைப் பொருள் நோட்டு வந்த வழி எனக்குத் தெரியும். வெளிநாட்டு மேற்படிப்புச் சேர்க்கைக்காக எழுதும் ஜிஆர்இ தேர்வில் 2011 ஆகஸ்ட் வரை எதிர்ச்சொல் வினாக்களும் சொல்லுறவு வினாக்களும் இருந்தன. சொல்லை வாக்கியத்திலிருந்து பிரித்துக் கேட்டதால், சொல்லும் பொருளும் கொண்ட பட்டியலை உருப்போட்டவருக்குப் பலன் கிடைத்தது. அவை நீக்கப்பட்டபின், சொல்லறிவைச் சோதிக்கும் வினாக்கள் வாக்கியத்துக்குள் போய்விட்டன. அவற்றில் ஒரு வகை, கொடுத்த ஆறு சொற்களில், வாக்கியத்தின் வெற்றிடத்தில் பொருந்தி அதற்கு ஒரே பொருள் தரும் இரண்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். ஒன்று தவறினாலும் மதிப்பெண் இல்லை. தமக்குள் ஒத்த பொருள் கொண்டிருந்தும் அவ்வாக்கியத்தில் பொருந்தாத ஒரு ஜோடியும் அந்த ஆறில் இருக்கக்கூடும். பட்டியலை மட்டும் படித்தவர் நேராக அதில் போய் விழுவார். இருந்தும் பழைய பட்டியல்களின் ஜெராக்ஸ் பிரதிகள் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன.

'ஃப்ரூகல்', 'பார்சிமோனியஸ்' இரண்டுக்கும் பட்டியலில் 'சிக்கனமான' என்றே போட்டிருக்கும். சிக்கனக்காரர் என்றால் மகிழும் மனிதர், கஞ்சன் என்றால் சண்டைக்கு வருவார். அந்த இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் இடையே உள்ள தூரமும் அதுவே: முன்னது சிக்கனம், பின்னது கஞ்சத்தனம்.

எனவே நாளுக்கு ஐந்து சொற்களுக்கு மேல் நான் தருவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை: முன்பக்கம், படித்த இடத்திலிருந்து எடுத்த முழு வாக்கியம், அச்சொல் வரும் இடம் மட்டும் வெற்றாக; பின்பக்கம், அச்சொல்லும் அது புகழ்கிறதா இகழ்கிறதா என்ற குறிப்பும். ஜெர்மன் மொழி எழுத்தாளரான செபாஸ்டியன் லைட்னர் 1970களில் பரப்பிய முறைப்படி, ஒரு பெட்டியைச் சில அறைகளாகத் தடுத்து (காலணிப் பெட்டியே போதும்), சரியாகச் சொன்ன அட்டையை அடுத்த அறைக்கு நகர்த்தி, தவறியதை முதல் அறைக்கே திருப்ப வேண்டும். முதல் அறையை நாள்தோறும் பார்க்க வேண்டும். பின்னுள்ள அறைகளுக்கு இடைவெளி கூடிக்கொண்டே போகும்.

அந்த மாணவியிடம் அடைமொழியையே எடுத்துவிட்டு, ஆய்வறிக்கையின் எந்தப் பகுதியைப் பேராசிரியர் பாராட்டினார் என்பதை எளிய ஆங்கிலத்தில் இரண்டு வரியாக எழுதச் சொன்னேன். 'ஃபுல்சம்' அட்டை அவருடைய பெட்டியில் முதல் அறையில் இருக்கிறது.