ஏசி வெளியே தள்ளும் சூடு எங்கே போகிறது?

ஏசி வெப்பத்தை அழிப்பதில்லை. அறைக்குள் இருப்பதை எடுத்து வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். அது இழுக்கும் மின்சாரமும் வெப்பமாகி அதே வெளிக்காற்றில் சேர்கிறது. ஒன்றரை டன் ஏசி முழுவீச்சில் ஓடினால் அறையிலிருந்து சுமார் 5.3 கிலோவாட் வெப்பத்தை எடுக்கும். அதற்கு 1.5 கிலோவாட் மின்சாரம் செலவானால், தெருவுக்குப் போவது 6.8 கிலோவாட். ஒரு தெருவில் எத்தனை ஏசி ஓடுகிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். ஃப்ரிட்ஜ், கணினி, விளக்கு இழுக்கும் மின்சாரமும் பெரும்பாலும் வெப்பமாகத்தான் முடிகிறது.

பகலில் இதன் பாதிப்பு பெரிதாகத் தெரியாது. வெயிலில் காய்ந்த தரை காற்றை மேலே கிளப்பிவிடுவதால், கொட்டிய சூடு வெகு உயரம்வரை கலந்து கரைந்துவிடும். இரவில் அந்தக் கலக்கம் அடங்கி, தரையை ஒட்டிய மெல்லிய அடுக்குக்குள் சூடு தேங்குகிறது. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத்தைக் கணினி மாதிரியில் வைத்துப் பார்த்த ஆய்வு 2014-இல் வெளிவந்தது. ஏசி கழிவு வெப்பத்தால் நகரின் சில இடங்களில் இரவு வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸுக்கும் மேல் கூடுகிறது என்றது அது. பகல் முழுக்க வெயிலில் உழைத்த உடம்பு ஆற வேண்டிய நேரம் இரவு. ஏசி இல்லாத வீட்டில் ஜன்னலைத் திறந்து படுப்பவர்தான், அடுத்த வீட்டுச் சூட்டையும் சேர்த்துச் சுமக்கிறார். எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

ஏசி பொருத்தும் எங்கள் தொழிலில் அடிக்கடி பார்க்கும் காட்சி ஒன்று. நான்கு பக்கமும் சுவர் சூழ்ந்த குறுகிய இடைவெளியில், மாடிக்கு மாடி அவுட்டோர் யூனிட்களை ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டியிருப்பார்கள். புகார் பெரும்பாலும் மேல்மாடியிலிருந்துதான் வரும்: “கேஸ் குறைஞ்சிருக்கும் சார், கொஞ்சம் ஏத்திவிடுங்க.” ஆனால் மெஷினுக்குள் சுற்றிக் குளிரூட்டும் அந்த கேஸ் சரியாகவே இருக்கும். யூனிட்டின் பின்பக்கம் தெர்மாமீட்டரை வைத்தால், மாடி ஏற ஏற உள்ளே போகும் காற்றின் சூடும் ஏறுவது தெரியும். கீழ் யூனிட் ஊதித் தள்ளியதை மேல் யூனிட் இழுக்கிறது. கம்ப்ரசர் திணறுகிறது, மின்சாரம் கூடுதலாகப் போகிறது, அதுவும் சூடாகி அங்கேயே சேர்கிறது. இந்த நிலையில் கேஸை ஏற்றினால் அழுத்தம் இன்னும் எகிறி மெஷின் அடிக்கடி நின்றுபோகும்.

சரி, என்ன செய்யலாம்? யூனிட்டைத் திறந்தவெளி பார்த்து, முடிந்தால் மொட்டைமாடியில் வையுங்கள். அழகுக்காக முன்னால் அடைப்பு போடாதீர்கள். யூனிட்டிலிருந்து சூட்டை வெளியேற்றும் குழாய்ச் சுருளான காயிலில் படியும் தூசியைக் கழுவுங்கள். இவற்றையெல்லாம்விட நான் முதலில் சொல்வது வெயிலை மறைப்பதைத்தான். மேற்குப் பக்க ஜன்னலுக்கு வெளிப்புறம் மறைப்பு போட்டால், வெயிலின் வெப்பத்தில் பெரும்பகுதி கண்ணாடியைத் தாண்டி உள்ளே வராது. உள்பக்கத் திரை அந்த அளவுக்கு உதவாது. வெப்பம் அதற்குள் கண்ணாடியைக் கடந்துவிட்டிருக்கும்.

புதிதாகக் கட்டுபவர்கள், அவுட்டோர் யூனிட் எங்கே உட்காரும், அதன் சூடு யார் ஜன்னலுக்குப் போகும் என்பதை வரைபடத்திலேயே குறிக்கச் சொல்லிக் கேளுங்கள். கட்டடம் முடிந்தபிறகு கூப்பிட்டால், மிச்சமிருக்கும் இடத்தில்தான் எங்களால் மாட்ட முடியும்.