கரண்டியின் முதுகில் ஒரு பெயர்

பழைய வெள்ளிக் கரண்டியைக் கையில் எடுப்பவர் முதலில் அதைக் கவிழ்த்துத்தான் பார்ப்பார். லண்டனில் செய்த கரண்டி என்றால் முதுகில் வரிசையாக நான்கைந்து சின்னங்கள் இருக்கும். சிங்கம் வெள்ளியின் தரத்தையும், சிறுத்தை முகம் ஊரையும், ஓர் எழுத்து ஆண்டையும் சொல்லும். அதோடு செய்தவரின் முதலெழுத்துகளும் இருக்கும். 1300-இலேயே அங்கே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. 1478 முதல் பொற்கொல்லர் சங்க மண்டபத்துக்கே பொருளைக் கொண்டுபோய்ச் சோதித்து முத்திரை வாங்க வேண்டியிருந்தது. நம் நகைக்கடைகளில் அன்றாடம் கேட்கும் 'ஹால்மார்க்' என்ற சொல், அந்த மண்டபத்தின் பெயரிலிருந்து பிறந்ததுதான்.

அமெரிக்காவின் பாஸ்டனில் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் செய்த கரண்டியைக் கவிழ்த்தால் பெரும்பாலும் இரண்டே எழுத்துகள்தான். சிங்கமும் இல்லை, ஆண்டும் இல்லை. அமெரிக்கக் குடியேற்றங்களில் அப்படிப்பட்ட மண்டபமே கிடையாது. வெள்ளியின் மாற்று, அதாவது சுத்தத்தின் அளவு, சரிதான் என்று சொல்ல அரசு முன்வரவில்லை, சங்கமும் இல்லை. தட்டான் தன் பெயரைக் குத்தினார். அந்தப் பெயர்தான் உத்தரவாதம். அமெரிக்க வெள்ளியை அடையாளம் காண்பது கடினமாக இருப்பதற்கும், இவ்வளவு சுவையாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

அன்று வங்கிகள் இல்லை. கையில் சேர்ந்த ஸ்பானிய வெள்ளி நாணயங்களைத் தட்டானிடம் கொடுத்து, உருக்கிக் குவளையாகவோ கிண்ணமாகவோ செய்து வைத்துக்கொள்வார்கள். நாணயம் திருடு போனால் எது யாருடையது என்று சொல்ல முடியாது. பெயர் பொறித்த குவளையை அடையாளம் காட்டலாம். தட்டானுக்கு ஊரில் இருந்த மதிப்பும் அப்படிப்பட்டது. 1652-இல் மாசசூசெட்ஸ் தனக்கென நாணயச்சாலை தொடங்கியபோது, அதை ஜான் ஹல், ராபர்ட் சாண்டர்சன் என்ற இரண்டு வெள்ளித் தட்டான்களிடம்தான் ஒப்படைத்தது.

ஹல்லின் முத்திரையில் இருப்பவை 'ஐ', 'எச்' என்ற எழுத்துகள். ஜான் என்பதற்கு 'ஜே' அல்லவா வர வேண்டும் என்று தோன்றும். அந்தக் காலத்துத் தட்டான்கள் 'ஜே' வர வேண்டிய இடத்தில் 'ஐ' என்றே பொறித்தார்கள். இது தெரியாமல் ஐசக், இக்னேஷியஸ் என்று தேடி அலைபவர்கள் உண்டு. எழுத்தைச் சுற்றியுள்ள கட்டத்தின் வடிவமும் எழுத்தைப் போலவே முக்கியம். ஹல்லிடம் தொழில் கற்ற ஜெரமையா டம்மர் தன் எழுத்துகளை இதய வடிவத்துக்குள் வைத்தார். எனக்கு மிகவும் பிடித்தது ஜான் கோனியின் முத்திரை. 'கோனி' என்றால் பழைய ஆங்கிலத்தில் முயல். அவர் ஒரு கேடயத்துக்குள் மேலே கிரீடம், நடுவில் எழுத்துகள், கீழே ஒரு குட்டி முயல் என்று பொறித்தார். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அதைப் பார்த்து 'இது கோனி செய்தது' என்று சொல்லிவிடலாம்.

18-ஆம் நூற்றாண்டு நகர நகர முழுக் குடும்பப்பெயரைக் குத்தும் வழக்கம் வந்தது. நியூயார்க்கின் மையர் மையர்ஸ் தன் பெயரைச் சாய்வான கையெழுத்து வடிவில் குத்தினார். பாஸ்டனின் பால் ரிவியர் செவ்வகத்துக்குள் 'ரிவியர்' என்று வைத்தார். அவருடைய தந்தை அப்போலோஸ் ரிவ்வார், பிரான்சிலிருந்து வந்து கோனியிடம் தொழில் கற்றவர். அவரும் தன் பெயரை 'பால் ரிவியர்' என்று மாற்றிக்கொண்டார்! அப்பாவும் மகனும் ஒரே பெயர், ஒரே ஊர், ஒரே தொழில். இங்கே பெயரைப் படிப்பது மட்டும் போதாது. அப்பா 1754-இல் இறந்துவிட்டார்; பொருளின் வடிவம் அதற்குப் பிந்தைய பாணியில் இருந்தால் அது மகனுடையது. மகனின் பட்டறைக் கணக்கேடுகள் 1761 முதல் இன்றும் இருப்பதால், யாருக்கு என்ன செய்தார் என்று ஒப்பிட்டுப் பார்க்கவும் வழி இருக்கிறது.

சரி, முத்திரை எப்படி உருவாகிறது? ஓர் எஃகுக் கம்பியின் நுனியில் எழுத்துகளை, கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி, குழித்து வெட்டுவார்கள். பிறகு காய்ச்சித் தண்ணீரில் தோய்த்துக் கடினமாக்குவார்கள். வெள்ளிப் பொருளைப் பட்டடையில் வைத்து, கம்பியை நிறுத்திச் சுத்தியலால் ஓர் அடி. வெள்ளி மெத்தென்ற உலோகம். அடி விழுந்ததும் கம்பி நுனியின் குழிகளுக்குள் ஏறிவிடும். அதனால்தான் பள்ளமான கட்டத்துக்குள் எழுத்துகள் மேடாக நிற்கின்றன. அடித்து வந்த முத்திரையின் விளிம்புகள் லென்ஸில் கூர்மையாகத் தெரியும். வருடக்கணக்கில் அடிபட்டுக் கம்பி நுனியிலும் சில்லு பெயரும், விரிசல் விழும். அந்தக் காயம் அதற்குப் பிறகு குத்திய ஒவ்வொரு பொருளிலும் பதியும். ஒரே தட்டானின் இரண்டு கிண்ணங்களில் எது முந்தியது என்பதை இந்த விரிசலை வைத்தே சொல்லலாம்.

குத்திய எழுத்தையும் செதுக்கிய எழுத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. முக்கோணமாக மேலே ஒன்று, கீழே இரண்டு என்று எழுத்துகள் செதுக்கியிருந்தால் அது வீட்டுக்காரர்களின் அடையாளம். மேலே குடும்பப்பெயர், கீழே கணவன் மனைவி பெயர்கள். தட்டானுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

1800-களில் பெயரோடு 'காயின்', 'டாலர்' போன்ற சொற்களும் சேர்ந்தன. நாணய வெள்ளியின் மாற்றில் செய்தது என்று பொருள். அந்த மாற்று என்ன? 1792 சட்டப்படி ஒரு வெள்ளி டாலரின் எடை 416 கிரெயின் (ஒரு சிறிய எடை அளவு). அதில் சுத்த வெள்ளி 371.25. வகுத்தால் ஆயிரத்தில் சுமார் 892. 1837-இல் சுத்த வெள்ளியைத் தொடாமல் மொத்த எடையை 412.5 ஆகக் குறைத்தார்கள். மாற்று சரியாக 900 ஆனது.

பால்டிமோர் மட்டும் வேறு வழியில் போனது. 1814 முதல் 1830 வரை அங்கே அரசுச் சோதனை அலுவலகம் இருந்தது. அமெரிக்காவில் அபூர்வமான விஷயம் இது. ஊர்ச் சின்னம், பெண் தலை, ஆண்டு எழுத்து எல்லாம் லண்டன் மாதிரியே குத்தினார்கள். 12 அவுன்சில் 11 அவுன்ஸ் சுத்த வெள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. பதினொன்றைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள்: 0.9166. நம் வீட்டுத் தங்கத்தில் இருக்கும் 916-உம் இதே பின்னம்தான், 24-இல் 22.

இந்தக் காலத்துப் பொருட்களில் ஏமாற்றும் சின்னங்களும் உண்டு. ஆங்கிலேய வெள்ளிக்கு மவுசு இருந்ததால், பலர் சிங்கம், ராஜா தலை, நட்சத்திரம் என்று பார்வைக்கு லண்டன் போலத் தோன்றும்படி குத்தினார்கள். அவற்றுக்கு எந்த அரசு அர்த்தமும் இல்லை. பிராவிடன்ஸ் நகரின் கோர்ஹாம் நிறுவனத்தின் சிங்கம், நங்கூரம், 'ஜி' எழுத்தும் இந்த மரபில் வந்தவைதான். நங்கூரம், பிராவிடன்ஸ் இருக்கும் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் சின்னம். ஆனால் கோர்ஹாம் ஒரு நல்ல காரியம் செய்தது. 1868-இல் ஆயிரத்துக்கு 925 என்ற ஸ்டெர்லிங் மாற்றுக்கு மாறியபோது ஆண்டுக்கு ஓர் எழுத்து என்று 'ஏ'-யில் தொடங்கி, 1884-இல் 'க்யூ' வரை வந்து, அடுத்த ஆண்டிலிருந்து குட்டிக் குட்டிப் படங்களுக்கு மாறியது. அந்தக் குறி உள்ள கோர்ஹாம் பொருள் கிடைத்தால் அது பிறந்த ஆண்டையே சொல்லிவிடலாம்.

'ஸ்டெர்லிங்' என்ற முழுச் சொல்லையும் பொருளில் குத்துவது பெரும்பாலும் அமெரிக்க வழக்கம்; இங்கிலாந்தில் சிங்கமே போதும். 1906-இல் வந்த தேசியச் சட்டம் அந்தச் சொல்லுக்குப் பின்னால் 925 இருந்தாக வேண்டும் என்றது. தர முத்திரையோடு பதிவு செய்த வணிகச் சின்னமும் வேண்டும் என்ற விதி 1961-இல்தான் வந்தது. ஆகவே அதற்கு முன் 'ஸ்டெர்லிங்' மட்டும் இருந்து பெயர் இல்லாத பொருள் கிடைத்தால் அதற்காகவே சந்தேகப்பட வேண்டாம். சந்தேகப்பட வேண்டியது '1847 ரோஜர்ஸ் பிரதர்ஸ்' மாதிரியான முத்திரையை. அந்த 1847 செய்த ஆண்டு இல்லை, வணிகப் பெயரின் ஒரு பகுதி. அதுவும் வெறும் வெள்ளி முலாம். இருபதாம் நூற்றாண்டில் செய்ததை நூற்றெழுபது வருடப் பழசு என்று நம்பி வாங்குபவர்களை நினைத்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

போலிகளில் இரண்டு வகைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். அச்சில் வார்த்தெடுத்த கரண்டிகளில் முத்திரையும் சேர்ந்தே வார்ப்பாகும். விளிம்புகள் மழுங்கி, நுண்ணிய குழிகளோடு இருக்கும். ஆறு கரண்டிகளை வரிசையாக வைத்தால் ஆறிலும் முத்திரை ஒரே இடத்தில், ஒரே சாய்வில், ஒரே கீறலோடு இருக்கும். கையால் குத்திய ஆறு கரண்டிகள் ஒருநாளும் அப்படி இருக்காது. இரண்டாவது வகை இன்னும் நுட்பமானது. உண்மையான ரிவியர் கரண்டி ஒன்றிலிருந்து முத்திரைத் துண்டை வெட்டி, பெயரில்லாத பழைய குவளையின் அடியில் பற்றாசு வைத்துப் பொருத்திவிடுவார்கள்.

எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி இங்கே ஓரளவு உதவும். கதிர் பட்டதும் அணுவின் உள்வட்ட எலக்ட்ரான் வெளியேறும். வெளிவட்டத்திலிருந்து ஒன்று அந்த இடத்தில் விழும்போது வரும் ஆற்றல் ஒவ்வொரு தனிமத்துக்கும் தனி. வெள்ளிக்குச் சுமார் 22 கிலோ எலக்ட்ரான் வோல்ட், செம்புக்கு 8. பழைய வெள்ளியைப் புடம் போட்டுத்தான் சுத்தம் செய்தார்கள். அதனால் தங்கமும் ஈயமும் துளியளவு அதில் தங்கிவிடும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மின்பகுப்பு வந்தபின் அவை ஏறக்குறைய காணாமல் போயின. டெலவேரில் உள்ள விண்டர்தர் அருங்காட்சியகம் இந்த வழியில் நிறைய வெள்ளிப் பொருட்களைச் சோதித்திருக்கிறது. தங்கமும் ஈயமும் இல்லாத வெள்ளியில் 'ரிவியர்' என்று இருந்தால், அந்தப் பெயர் பிற்காலத்தில் வந்தது.

ஆனால் ஒட்டவைத்த துண்டும் குவளையும் இரண்டுமே பழைய வெள்ளி. கருவி தங்கத்தையும் ஈயத்தையும் காட்டிச் சரி என்று சொல்லிவிடலாம். அதற்குச் செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. முத்திரைக்கு அருகில் வாயை வைத்து மெதுவாக ஊதுங்கள். மூச்சின் ஈரம் படிந்து வெள்ளி மங்கும்போது, பற்றாசு ஓடிய இடம் வேறு நிறத்தில் தெரியும்: முத்திரையைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு, சில நொடிகளுக்கு மட்டும்.