விபிஎன் இருந்தால் மட்டும் போதுமா?

கோவைப் பக்கம் ஒரு சிறு நூற்பாலை. திங்கட்கிழமை காலை கணக்குப் பிரிவில் எந்தக் கோப்பும் திறக்கவில்லை. திரையில் பணம் கேட்கும் அறிவிப்பு மட்டும் நின்றது. கணக்கர் வீட்டிலிருந்தே டேலி என்ற கணக்கு மென்பொருளில் வேலை பார்ப்பதற்காக, தூரத்திலிருந்து கணினியை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்புக்குரிய 3389 என்ற போர்ட்டை, அதாவது இணைப்பு வாசலை, ரவுட்டரில் நேரடியாக இணையத்துக்குத் திறந்து வைத்திருந்தார்கள். விண்டோஸ் பதிவுகளைப் பார்த்தேன். சனிக்கிழமை இரவு முழுக்க யாரோ கடவுச்சொற்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். விடிவதற்குள் ஒன்று பொருந்திவிட்டது. மூன்று மாதக் கணக்கைப் பழைய பில்களை வைத்து மறுபடி ஏற்றினார் அந்தக் கணக்கர்.

அங்கே போட்டிருக்க வேண்டியது தொலை அணுகல் விபிஎன். வீட்டுக் கணினிக்கும் அலுவலகத்துக்கும் இடையே குறியாக்கம் செய்த ஒரு சுரங்கப் பாதை அது. ஊழியர் முதலில் அதற்குள் நுழைந்த பிறகே டேலி கணினி அவர் கண்ணுக்குத் தெரியும். வெளியார் கண்ணுக்குத் தெரியாது.

ஆலையையும் கிளை அலுவலகத்தையும் நிரந்தரமாக இணைப்பது இன்னொரு வகை. இரண்டு ரவுட்டர்களும் தமக்குள் பேசிக்கொள்ளும். ஊழியர் எதையும் அழுத்த வேண்டாம். பழைய ரவுட்டராக இருந்தால் ஒன்றைச் சரிபாருங்கள்: பிபிடிபி என்ற பழைய விபிஎன் நெறிமுறை இன்னும் ஓடினால் உடனே நிறுத்திவிடுங்கள். கடவுச்சொல் எவ்வளவு வலுவாக இருந்தாலும் அந்த நெறிமுறையின் பாதுகாப்பை உடைத்துவிடலாம் என்று 2012-லேயே காட்டிவிட்டார்கள். அதற்குப் பதிலாக ஓபன்விபிஎன், வயர்கார்டு போன்றவை இருக்கின்றன.

கைப்பேசியில் இலவசமாக இறக்கிக்கொள்ளும் விபிஎன் செயலிகள் மூன்றாவது வகை. என் கவலை இவற்றின் மேல்தான். இதுவரை இணையச் சேவை நிறுவனம் பார்க்க முடிந்ததை இனி செயலி நடத்துபவர் பார்க்க முடியும், அவ்வளவே. ஃபேஸ்புக் 2013-இல் வாங்கிய ஓனாவோ நிறுவனத்தின் விபிஎன் செயலி, பாதுகாப்பு தருவதாகச் சொல்லித்தான் பயனர்களைச் சேர்த்தது. அவர்கள் எந்தச் செயலியை எவ்வளவு நேரம் பயன்படுத்தினார்கள் என்ற தரவு ஃபேஸ்புக்கின் வணிகத்துக்குப் போனது. இதற்காக 2023-இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் இரண்டு துணை நிறுவனங்களுக்கு மொத்தம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. போலி வங்கித் தளத்தில் நீங்களே ஓடிபியைத் தட்டினால், எந்த விபிஎன்னும் அதைத் தடுக்காது.

சரியான விபிஎன்னே வாசலாகிவிடுவதும் உண்டு. 2021-இல் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனத்துக்குள் தாக்குதல்காரர்கள் நுழைந்தது, பயன்பாட்டில் இல்லாத, ஆனால் முடக்கப்படாத ஒரு விபிஎன் கணக்கின் வழியாக. கடவுச்சொல்லுக்கு மேல் இரண்டாவது சரிபார்ப்பு எதுவும் அதற்கு இல்லை. எரிபொருள் குழாய் பல நாள் நின்றது. நிறுவனம் தாக்குதல்காரர்களுக்குச் சுமார் 44 லட்சம் டாலர் கொடுத்தது.

நூற்பாலையில் இப்போது பதினொரு விபிஎன் கணக்குகள். எல்லாவற்றுக்கும் ஓடிபி உண்டு. மாதம் ஒரு முறை மேலாளரும் நானும் பட்டியலை எடுத்து வைத்து, இவர் இன்னும் வேலையில் இருக்கிறாரா என்று ஒவ்வொரு பெயராகக் கேட்கிறோம். போன மாதம் இரண்டு கணக்குகளை நீக்கினோம்.