விடை தெரியாத கணக்கைத் திருத்துவது எப்படி?

"என் முதலீட்டு ஆப் காட்டும் லாபமும் வரியும் சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கேட்க வேண்டிய கேள்விதான். ஜோசியத்தைக் கிண்டல் செய்கிறவர்கள்கூட, திரையில் இரண்டு தசமத்தோடு ஓர் எண் வந்துவிட்டால் மறுபேச்சில்லாமல் நம்பிவிடுகிறார்கள்.

கணினி 0, 1 மட்டுமே கொண்ட இரும எண்ணில் கணக்குப் போடுகிறது, 0.1-ஐ இருமத்தில் முழுதாக எழுத முடியாது, அதனால் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் பல மொழிகளில் 0.30000000000000004 வரும். இதெல்லாம் தெரிந்ததுதான். இத்தனூண்டு பிழை என்ன செய்துவிடும் என்பவர்களுக்கு கனடாவின் வான்கூவர் பங்குச்சந்தையைக் காட்டலாம். 1982-ல் 1000 புள்ளியில் தொடங்கிய அதன் குறியீட்டெண்ணை, தினமும் ஆயிரக்கணக்கான முறை கணக்கிடும்போதெல்லாம் மூன்றாம் தசமத்துக்குப் பின்னால் இருந்ததை வெட்டியே எறிந்தார்கள். 1983 நவம்பரில் அது 524 சொச்சத்தில் கிடந்தது. சரியாகப் போட்டுப் பார்த்தால் 1098 சொச்சம்!

சரி, சோதிப்பது எப்படி? பத்து வருடம் வாங்கி விற்றதை எல்லாம் கையால் போட்டுப் பார்க்க ஆளில்லை. இன்னொரு மென்பொருளோடு ஒப்பிடலாம், ஆனால் நைட், லெவ்சன் என்ற கணினி ஆய்வாளர்கள் இருவரும் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வேலைக்காகத் தனித்தனியாக எழுதப்பட்ட 27 புரோகிராம்களில் பல ஒரே இடத்தில் தடுக்கி விழுந்தன. மனிதர்கள் தப்புச் செய்வதிலும் ஒற்றுமையானவர்கள்.

இங்கேதான் எனக்குப் பிடித்த தந்திரம் வருகிறது. டி. ஒய். சென் என்ற கணினி ஆய்வாளரும் சகாக்களும் 1998-ல் முன்வைத்த மெட்டமார்ஃபிக் டெஸ்டிங். விடை என்னவென்று தெரியாவிட்டால் போகட்டும், கேள்வியைக் கொஞ்சம் மாற்றினால் விடை எப்படி மாறவேண்டும் என்பதாவது தெரியுமல்லவா? எல்லாத் தொகையையும் பத்தால் பெருக்கிக் கொடுங்கள்: லாபம் பத்து மடங்காகவேண்டும், வருடாந்திர வருமான விகிதம் அசையக்கூடாது. பரிவர்த்தனை வரிசைகளைக் கலைத்துப்போட்டு ஏற்றுங்கள், எதுவுமே மாறக்கூடாது. 100 பங்கு வாங்கியதை அதே நாள், அதே விலையில் 60, 40 என்று உடைத்துக் கொடுங்கள், வரி மாறினால் எங்கோ ரவுண்ட் ஆஃப் தப்பான படியில் நடக்கிறது. பங்கு இரண்டாகப் பிரிந்தால் எண்ணிக்கை இரட்டிப்பாகும், ஒரு பங்கின் அடக்கவிலை பாதியாகும், மொத்த அடக்கவிலை அப்படியே நிற்கும். எவ்வளவு விற்றாலும், விற்ற பங்குகளின் அடக்கவிலையும் கையிருப்பின் அடக்கவிலையும் சேர்ந்து வாங்கிய தொகைக்குச் சமமாக இருக்கவேண்டும், பொருள் அழியாமை விதி மாதிரி. இப்படிப்பட்ட உறவுகளை எழுதிவைத்துவிட்டு, கணினியையே ஆயிரக்கணக்கான கற்பனைக் கணக்குகளை உருவாக்கி ஓட்டச் சொல்லலாம், ஒரு கணக்குக்குக்கூட விடை நமக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்கவேண்டும் என்பது என் கட்சி.

வரி விகிதத்தையே தப்பாக எழுதியிருந்தால் இந்த உறவுகள் கண்டுபிடிக்காது. அதற்குச் சட்டத்தைப் படித்து, வரம்புகளின் விளிம்பில் கையால் போட்ட கணக்குகள்தான் வேண்டும்: வரம்புக்கு ஒரு காசு கீழே, சரியாக வரம்பில், ஒரு காசு மேலே, அப்புறம் லீப் வருடத்தில் பிப்ரவரி 29 அன்று வாங்கியது.

வருமான விகிதத்தில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. 1000 போடுகிறீர்கள், ஒரு வருடம் கழித்து 2300 எடுக்கிறீர்கள், அதற்கடுத்த வருடம் 1320 போடவேண்டி வருகிறது. வருமான விகிதம் என்ன? 10 சதவீதம் என்றாலும் கணக்கு இடிக்காது, 20 என்றாலும் இடிக்காது, போட்டுப் பாருங்கள். இந்த விகிதத்தைக் கணக்கிட மென்பொருள்கள் பயன்படுத்தும் எக்ஸ்ஐஆர்ஆர் (XIRR) என்ற சூத்திரம் பொதுவாக ஓர் ஊகத்தில் தொடங்கித் தேடிப்போகும், எது முதலில் அகப்படுகிறதோ அதைக் காட்டிவிடும். மேலே சொன்ன சோதனைகளை எல்லாம் அந்த எண் தாண்டியும்விடும். இந்த இடத்தில், இரண்டு விடை இருக்கிறது என்று சொல்லாத மென்பொருளைத் தப்பென்றுதான் நான் குறிப்பேன்.