ஸ்லைடர் போனில் முதலில் சாவது டிஸ்ப்ளே அல்ல

"டிஸ்ப்ளே போயிடுச்சு, மாத்திக் கொடுங்க" என்று ஸ்லைடர் போனை (கீபோர்டு சறுக்கி வெளியே வரும் போன்) நீட்டுபவர்களில் பலருக்கு டிஸ்ப்ளே நன்றாகத்தான் இருக்கும். மூடியிருக்கும்போது படம் தெரியும். கீபோர்டை வெளியே தள்ளினால் கோடு கோடாக ஓடும், இல்லையென்றால் வெறும் வெள்ளை. சிலருக்குக் காதில் குரல் விட்டுவிட்டுக் கேட்கும். சர்வீஸ் மேசையில் நான் முதலில் சந்தேகப்படுவது ஃபிளெக்ஸ் கேபிளைத்தான்.

இந்த வகைப் போன் உண்மையில் இரண்டு துண்டு. பெரும்பாலும் பேட்டரியும் போர்டும் கீழ்ப் பாதியில். திரை, டச், காது ஸ்பீக்கர் எல்லாம் மேல் பாதியில். இரண்டையும் இணைப்பதுதான் ஃபிளெக்ஸ் கேபிள்: காகிதம்போல மெல்லிய ஒரு பட்டை, அனேகமாக ஆரஞ்சு நிறம். உள்ளே செம்புத் தடங்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அது மடிந்து நகர்கிறது. கம்பியை வளைத்து வளைத்து ஒடிப்போமே, அதே கதைதான். ஒரு நாளைக்கு 40 முறை திறந்தால் ஆண்டுக்கு 14,600 முறை.

ஒரு தம்பி இரண்டாவது கேபிள் மாற்ற வந்திருந்தார். பட்டறைக்கு வெளியே காத்திருந்த நேரமெல்லாம் 'டக் டக்' என்று திறந்து மூடிக்கொண்டே இருந்தார். கேட்டால், "பழக்கமாயிடுச்சுண்ணே" என்றார். என்ன சொல்ல?

2008-ல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனான ஜி1-இல் திரைக் கீபோர்டே கிடையாது. 'சரி' என்று பதில் போடக்கூடத் திறந்தாக வேண்டும். 2009 ஏப்ரலில் ஆண்ட்ராய்டு 1.5 பதிப்பு திரைக் கீபோர்டோடு வந்த பிறகுதான் அந்தத் தொல்லை ஒழிந்தது. ஆகவே சின்னச் சின்னப் பதில்களைத் திரையிலேயே தட்டுங்கள். நீளமாக மெயில் எழுதும்போது கீபோர்டை இழுங்கள். அதன் சுகம் எனக்கும் தெரியும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

திரை முதல்முறை மினுக்கிய அன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. போனை மூடியே வையுங்கள், கீபோர்டைத் தொடாதீர்கள். டச் வேலை செய்யும்போதே எண்களையும் மெசேஜ்களையும் பேக்கப் எடுத்துவிடுங்கள். மெமரி கார்டைப் பிறகுகூடக் கழற்றிக்கொள்ளலாம். போனுக்குள் இருப்பதை எடுக்க மெனுவுக்குள் போக வேண்டுமே. திரையே இல்லாமல் எப்படிப் போவது? அப்புறம் கடையில் டிஸ்ப்ளே மாற்றச் சொன்னால், முதலில் கேபிளைச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

எல்லாமே கேபிள் கோளாறும் இல்லை. ஒரு அக்காவின் போனில் மூடியிருக்கும்போதே திரை படுக்கையாகத் திரும்பிக்கொண்டது. வேறொரு கடையில் சாஃப்ட்வேர் போட்டும் சரியாகவில்லையாம். பல மாடல்களில் ஸ்லைடு திறந்திருப்பதைக் காட்டிக்கொடுப்பது ஒரு சின்னக் காந்தமும் சென்சாரும்தான். அவர் போனை வைத்திருந்த பௌச்சின் மூடியில் காந்தப் பொத்தான் இருந்தது, அது சென்சாரை ஏமாற்றி ஸ்லைடு திறந்திருப்பதாகக் காட்டியிருக்கிறது. பௌச்சை மட்டும் கழற்றிக் கொடுத்தனுப்பினேன். காசு வாங்கவில்லை.