தோக்கிக்கும் சோறு போடும் வயல்: சாடோ தீவின் நெல் சான்றிதழ்

ஜப்பானின் சொந்த வம்சத்தில் கடைசித் தோக்கி 2003-இல் செத்துப்போனது. தோக்கி என்பது கொண்டை அரிவாள்மூக்கன் என்ற பறவை. அப்புறம் சீனா கொடுத்த பறவைகளின் வழிவந்த 10 தோக்கிகளை 2008 செப்டம்பரில் ஜப்பானின் சாடோ தீவில் பறக்கவிட்டார்கள். சரி, விட்டாயிற்று. இரைக்கு எங்கே போகும்?

இதை யோசித்துத்தான் சாடோ நகராட்சி அதே ஆண்டு நெல்லுக்கு ஒரு சான்றிதழ் கொண்டுவந்தது. சாடோவில் நெல் பயிரிடுகிறவர்கள் இதற்கு விண்ணப்பிக்கலாம். ரசாயன உரத்தையும் பூச்சிமருந்தையும் அந்த வட்டார வழக்கத்தில் பாதியாகவாவது குறைக்க வேண்டும். வரப்பில் களைக்கொல்லி அடிக்கவே கூடாது.

ஆனால் திட்டத்தின் உயிர் தண்ணீரில் இருக்கிறது. தோக்கி ஆழமில்லாத நீரில் நின்று, நீண்ட அலகால் சேற்றைத் துழாவி, அயிரை மாதிரி மீனையும் தவளையையும் பூச்சியையும் பிடித்துத் தின்னும். கோடை நடுவில் வயலைச் சில நாள் காயப்போடுவது அங்கே வழக்கம். பயிருக்கு நல்லது, தலைப்பிரட்டைக்கு எமன். அதனால் வயலோரமாக ஆழமான ஒரு பள்ளம் வெட்டிவைக்கிறார்கள். அதற்கு 'ஏ' என்று பெயர். வயல் காய்ந்தாலும் அதில் தண்ணீர் நிற்கும், உயிர்களெல்லாம் அங்கே ஒதுங்கிக்கொள்ளும். இல்லையென்றால் அறுவடைக்குப் பின் குளிர்காலத்திலும் வயலில் தண்ணீர் கட்டலாம், வாய்க்காலிலிருந்து மீன் வயலுக்கு ஏறிவர வழி அமைக்கலாம், பக்கத்தில் குட்டை வைக்கலாம். எல்லாமே செய்ய வேண்டும் என்பதில்லை, ஒன்று செய்தாலும் ஏற்பார்கள்.

எனக்குப் பிடித்த விதி இன்னொன்று: விவசாயி ஆண்டுக்கு இரண்டு முறை தன் வயலில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று பார்த்துக் கணக்கெடுக்க வேண்டும். நடவு வயலை மிதிக்கிறது என்று ஒரு காலத்தில் விரட்டப்பட்ட பறவைக்காக, குனிந்து தவளை எண்ண வைத்துவிட்டார்கள்!

விவசாயிக்கு என்ன லாபம்? சான்று முத்திரையோடு அரிசியைக் கூடுதல் விலைக்கு விற்கலாம். விற்கிற ஒவ்வொரு கிலோவுக்கும் 1 யென், தோக்கிக்கான நகராட்சி நிதிக்குப் போகிறது. 2012-இல், 36 ஆண்டுகளுக்குப் பிறகு, ஜப்பானில் கூண்டுக்கு வெளியே தோக்கிக் குஞ்சு பொரித்தது.

வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சாடோ அரிசி எல்லாமே இந்த அரிசி இல்லை. பையில் தோக்கிச் சான்று முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.