தாத்தா மெடலை விபூதி போட்டுத் தேய்க்காதீர்கள்

போரில் இறந்த சிப்பாய்களின் விவரங்களைக் குடும்பத்தாருக்குத் தேடித் தருவது என் தொழில். இந்த வாரமும் ஒரு வெள்ளி மெடல் வந்தது. முதல் உலகப் போரில் மெசபடோமியாவுக்கு (இன்றைய இராக்) போய்த் திரும்பாத கொள்ளுத்தாத்தாவுடையது. வருஷா வருஷம் ஆயுதபூஜைக்கு விபூதி போட்டுத் தேய்த்துத் தேய்த்து, விளிம்பில் 'சாப்பர்ஸ்' (ராணுவப் பொறியியல் படை) என்பது மட்டும் மங்கலாக மிச்சம். நம்பரும் பெயரும் போயே போச்சு.

ராஜா தலை உள்ள பக்கத்தைப் படமெடுத்து அனுப்புகிறீர்கள். அந்தத் தலை எல்லார் மெடலிலும் உண்டு. எனக்கு வேண்டியது விளிம்பு. சர்வீஸ் நம்பர், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் அங்கேதான் பொறித்திருக்கும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பெயர் பொறிக்காமலே மெடல் கொடுத்தார்கள். இந்தியப் படையினருக்குப் பொறித்துக் கொடுத்தார்கள். அதையா தேய்த்து அழிப்பது?

"பெயரைப் போட்டுத் தேடினேன், வரவில்லை. சாதாரண சிப்பாயை யார் எழுதி வைத்திருக்கப் போகிறார்கள்?" இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். எழுதி வைத்திருக்கிறார்கள். 1917இல் தொடங்கிய காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் ஏறக்குறைய 17 லட்சம் பேர், இலவசமாகத் தேடலாம். ஆனால் முத்துசாமியை வெள்ளைக்கார குமாஸ்தா எப்படி எழுதியிருப்பார்? 'யு' ஒன்றா, 'ஓ' இரண்டா, கடைசியில் 'ஐ'யா, 'ஒய்'யா? 'முட்டுசாமி' என்றுகூட இருக்கலாம். திருநெல்வேலி தின்னவேலியாக இருக்கும். எழுத்துச் சரியாக அமைந்தாலும் அதே பெயரில் பல முத்துசாமிகள் வருவார்கள். அப்பா பெயர், ஊர், தாலுகா தெரிந்தால்தான் பிரிக்க முடியும். நம்பர் மட்டும் இருந்தாலும் போதாது. முதல் போரில் ஒரே நம்பர் வேறு வேறு படைப்பிரிவுகளிலும் வரும்.

சரி, கல்லறை எங்கே என்று கேட்பீர்கள். இந்துச் சிப்பாய்கள் பலரைத் தகனம் செய்தார்கள். கல்லறை இருக்காது, நினைவுச் சின்னத்தில்தான் தேட வேண்டும். பர்மாவில் இறந்தவரென்றால் ரங்கூன் அருகே தாக்கியானில் பாருங்கள். அங்கே ஏறக்குறைய 27,000 பெயர்கள். மெசபடோமியா என்றால் பாஸ்ரா. அந்தச் சுவர்களில் அதிகாரிகளுக்குப் பெயர், இந்தியச் சிப்பாய்களுக்கு வெறும் எண்ணிக்கை. நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. ஆனால் சுவரில் இல்லையென்று விட்டுவிடாதீர்கள், ஆணையத்தின் பட்டியலில் தேடுங்கள்.

குண்டடி பட்டுச் செத்தார் என்று பாட்டி சொல்லியிருப்பார். ராணுவப் பதிவில் நோய் என்றிருக்கலாம். உடனே "இவர் எங்கள் தாத்தா இல்லை" என்று தள்ளாதீர்கள். மெசபடோமியாவில் காலராவும் வயிற்றுக்கடுப்பும் கொண்டுபோன சிப்பாய்கள் ஏராளம்.

இனி மெடலைத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். சாய்வான வெளிச்சத்தில் மெல்லத் திருப்பி, விளிம்பு முழுவதையும் படமெடுங்கள். "இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள்" என்ற கல்வெட்டு சில ஊர்களில் உண்டு. உங்கள் ஊரிலும் இருக்கிறதா என்று விசாரியுங்கள், இருந்தால் சுண்ணாம்பு அடித்து மூட விடாதீர்கள். அவருடைய அப்பா பெயர் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால் உடனே போய்க் கேளுங்கள். அப்புறம், குடும்ப பென்ஷன் காகிதம் அகப்பட்டால் தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைக் காகிதம் கிழியாமல் எடுப்பது பெரும்பாடு. சுத்தமான காகித உறையில் போட்டு, ஈரம் படாத இடத்தில் வையுங்கள், போதும்.